கல்லூரி வாசலோடு கடமை முடிந்துவிடுமா?



சென்னைக்கு வருகின்ற நம் குடும்பத்தினர் மெரினாவைக் காண்பதுண்டு. வாலாஜா பள்ளிவாசலில் தொழுவதுண்டு. மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் பொருள் வாங்குவதுண்டு. ஆனால் வியாசர்பாடியைப் பார்த்துவிட்டு வரவேண்டுமென்று எவரும் புறப்படுவதில்லை. நாளிதழ்களில் அப்பகுதியின் பெயர் அச்சாகும்போதெல்லாம் அடிதடியோ மழைவெள்ளமோதான் உடன் வருகிறது. ஆயினும் இம்மாதம் உங்களை அங்கேதான் அழைத்துச் செல்ல விழைகிறேன். அங்கே ஓர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் வாசலில் சற்று நேரம் நின்றால், நம் பிள்ளைகளின் உயர்கல்வியைப் பற்றி நாம் அறிந்திருப்பது எவ்வளவு, அறியாதிருப்பது எவ்வளவு என்பது விளங்கும்.

சுரங்கப்பாதைகளைக் கடந்து

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறுங்கள். முதலில் பேசின் பாலம். அடுத்தது வியாசர்பாடி ஜீவா. பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப.ஜீவானந்தம் அவர்களின் பெயர் தாங்கிய நிலையம் அது. இரயில் பாதைகள் இப்பகுதியைச் சூழ்ந்து கிடப்பதால், அவற்றின் அடியே செல்லும் சுரங்கப்பாதைகளே ஊரின் வாயில்களாக அமைந்துவிட்டன. கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்கிப் போக்குவரத்து நின்ற மழைக்காலங்கள் பல.

வியாச முனிவரால் வந்த பெயர் என்பது ஊராரின் நம்பிக்கை. பழமையான இரவீஸ்வரர் கோயில் இங்கே உண்டு. கேப்டன் காட்டன் கால்வாய் ஊரின் ஊடே செல்கிறது. 1960-களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே குடியமர்ந்தன. அவர்களோடு வந்த ‘அத்தோ’ என்னும் நூடுல்ஸ் உணவு இன்றும் வடசென்னையின் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் மணக்கிறது.

இது உழைப்பாளிகளின் பூமி. ஒரு பக்கம் துறைமுகம். இன்னொரு பக்கம் பெரம்பூரின் இரயில்வே பணிமனைகளும், 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலையும். அருகிலேயே பின்னி ஆலை என்று மக்கள் அழைத்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. பாட்டனார் ஆலைக்குள் நுழைந்தார். அவர் கைபிடித்துத் தந்தையும் நுழைந்தார். எழுத்தறிவு குறைவாயினும் மாதச் சம்பளம் வீடு வந்து சேர்ந்தது. 1996-இல் அந்த ஆலை மூடப்பட்டது. பேரனுக்கு அந்த வாயில் இல்லை. அவன் நுழைவதற்கு எஞ்சியிருக்கும் வாயில் கல்லூரியின் வாயில்தான். ஆகவேதான் இங்கே ஒரு பட்டம் என்பது வெறும் அலங்காரமன்று. ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கும் சங்கதி அது.

பெயர் சொல்லும் பாடம்

நாம் தேடிவந்த கல்லூரி, டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி. 1970-களில் தொடங்கப்பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து செயல்படுவது. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைகள் இங்கே ஏராளம். வாயிலில் எழுதப்பட்டிருக்கும் அந்தப் பெயரைப் பற்றிச் சற்றே சிந்தியுங்கள். அம்பேத்கர் பெரும் மேதை என்பதை யாவரும் அறிவர். அவர் உதவித்தொகை பெற்றுப் படித்த மாணவர் என்பதை எத்தனை பேர் நினைவில் கொண்டிருக்கிறோம்?

1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு, அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்த்தது. 1916-இல் இலண்டன் சென்றார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுத் தாயகம் திரும்பினார். அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. உழைப்பு குறைந்துவிட்டதா? அதுவும் இல்லை. கைப்பணம் இல்லை, அவ்வளவுதான். பின்னர் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியோடும் 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923-இல் அறிவியல் முனைவர் பட்டத்தை முடித்தார். உதவி நின்றால் மேதையின் படிப்பும் நிற்கும்; உதவி கிட்டினால் நின்ற படிப்பும் தொடரும். வியாசர்பாடியில் அந்தப் பெயரின் கீழே நுழையும் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் இதைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன?

என்னென்ன உதவிகள்?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் இனிப்பு வழங்கி மகிழ்வோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுவோம். உண்மையில் கடமை அங்கேதான் தொடங்குகிறது. கல்லூரியில் கிடைக்கின்ற உதவிகள் எவை என்று பார்ப்போமா?

முதலாவது, சேர்க்கை. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இப்போது இணையவழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. சேர்க்கைக் காலத்தில் அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையங்கள் திறக்கப்படுகின்றன. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. லெப்பை, தக்னி, தூதேகுலா, அன்சார், மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் இதற்கு உரியவர்கள். இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பைப் பிரிவில் அடங்குவர். சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் இந்த உரிமை செல்லுபடியாகும்.

இரண்டாவது, கட்டணம். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்ட வகுப்புகளுக்கான கற்பிப்புக் கட்டணம் 2007-08 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருக்கும் சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இலவசக் கல்வித் திட்டம் கைகொடுக்கிறது. தனியார் கல்லூரியில் இடம் தேடுவோருக்கு வேறொரு கதவும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11 முதல் நடத்திவரும் இலவசக் கல்வித் திட்டத்தில், இணைவுபெற்ற கல்லூரிகளில் ஏழை மாணவர்க்குக் கட்டணமின்றி இடம் தரப்படுகிறது. பெற்றோரை இழந்தவர்கள், கைம்பெண்களின் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகியோருக்கு அதில் முன்னுரிமை. பிளஸ் டூ முடிவு வெளியான கையோடு விண்ணப்பித்துவிட வேண்டும். ‘விடுமுறை கழியட்டும், பார்க்கலாம்’ என்றிருந்தால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

மூன்றாவது, மாதந்தோறும் கையில் வரும் தொகை. பெண்மக்களைப் பெற்றோர் இதைக் கவனமாகப் படியுங்கள். ஏழைப் பெண்களின் திருமணத்திற்காக 1989 முதல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வழங்கப்பட்டுவந்த உதவி, உயர்கல்விக்கான உதவியாக மாற்றப்பட்டது. ‘புதுமைப் பெண்’ என்ற அத்திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. எங்கே தெரியுமா? இதே வடசென்னையில், பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியில்! ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் என்பது திட்டம். 2024 டிசம்பரில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. திருமணத்திற்கென ஒதுக்கப்பட்ட பணத்தைப் படிப்பிற்கென ஓர் அரசு திருப்பிவிட்ட இந்தச் செய்தியில், மகளைப் பெற்ற ஒவ்வொரு வீடும் யோசிக்க வேண்டிய பொருள் இருக்கிறது.

இவையன்றிப் பேருந்து உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசுக் கல்லூரி மாணவர்க்குப் பயண அட்டை உண்டு. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் விடுதிகள் உண்டு. வேலைவாய்ப்புக்கான பயிற்சியளிக்க 2022 மார்ச்சில் தொடங்கப்பெற்றது ‘நான் முதல்வன்’ திட்டம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர்கல்வியில் 5 விழுக்காடு இடங்கள் உரியன. பார்வையற்றோர்க்குத் தேர்வெழுதித் தர உதவியாளரும் கூடுதல் நேரமும் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். உதவித் திட்டங்கள் என்றைக்கும் ஒரேபோல் இருப்பதில்லை. ஆராய்ச்சி மாணவர்க்காக மத்திய அரசு 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகையும் நின்றது. அண்ணனுக்குக் கிடைத்தது தம்பிக்கும் கிடைக்கும் என்று இருந்துவிடலாகாது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கல்லூரி அலுவலகத்தில் புதிதாய் விசாரித்தறிவதே நன்று.

பெயரில் தடுக்கிய கால்

இவ்வளவும் இருந்தும் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள்? மாலையில் எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுமியை அழைத்துச்செல்ல வந்த தாயார் ஒருநாள் தயங்கி நின்றார்.

“ஹஜ்ரத், என் மூத்த பிள்ளை காலேஜில் படிக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் மாதப் பணம் வந்துவிட்டதாம். இவளுக்கு மட்டும் வரவில்லை.”

“கல்லூரியில் கேட்டுப் பார்த்தாளாம்மா?”

“யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கவும் வெட்கப்படுகிறாள், ஹஜ்ரத்.”

ஏடுகளை வாங்கிப் பார்த்தபோது சங்கதி விளங்கியது. பள்ளிச் சான்றிதழில் பெயரின் பின்னே ‘பேகம்’ இருந்தது, ஆதாரில் இல்லை. வங்கிக் கணக்கிலோ தந்தையின் பெயர் முழுதாய் முன்னே நின்றது. அக்கணக்கு ஆதாரோடு இணைக்கப்படவும் இல்லை. ஒரு பெண் மூன்று ஏடுகளில் மூன்று பேராகிவிட்டாள்! திருத்தி முடிப்பதற்குள் மாதங்கள் பல ஓடிவிட்டன. அதற்குள் அந்த வீட்டில், “படித்தது போதும்” என்ற பேச்சும் தொடங்கிவிட்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பணம் வரத் தொடங்கியது, பேச்சும் அடங்கியது.

வாசகர்களே, இது ஒரு வீட்டுக் கதையன்று. நம் பெயர்கள் அரபியிலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பெயரும்போது எத்தனை வடிவம் எடுக்கின்றன! முஹம்மது, முகமது, முகம்மது என ஒரே வீட்டில் மூன்று எழுத்து முறைகள். பீவி ஓரிடத்தில் சேரும், இன்னோரிடத்தில் உதிரும். தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாய் மாறும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரிலும் வங்கியிலும் இருக்குமாறு பள்ளிப் பருவத்திலேயே சரிசெய்து வைப்பது, பிள்ளைக்கு நாம் சேர்த்துவைக்கும் செல்வத்தில் ஒன்று. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற்றுவிட வேண்டும். வருமானச் சான்று பழையதாகிவிட்டால் புதிதாகப் பெற வேண்டும்.

வடசென்னைக்கு இதில் இன்னொரு துன்பமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளமும் தாழ்வான வீடுகளில் புகுந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு சான்றிதழ்களும் நனைந்து அழிந்தன. மறுபடிகள் தர அரசு சிறப்பு முகாம்களை நடத்த வேண்டியதாயிற்று. ஆகவே சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, பரணில் உயரமான இடத்தில் வையுங்கள். நகல்களை உறவினர் வீட்டில் ஒரு தொகுப்பாகக் கொடுத்து வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சுமைகள்

பணம் மட்டுமே தடை என்று எண்ணிவிடாதீர்கள். இரவில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குச் செல்லும் பிள்ளை காலை வகுப்பில் உறங்குகிறான். பிறகு வருவதையே விட்டுவிடுகிறான். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வெழுதுவதில் சிக்கல் வரும். குறைவு சிறிதாயின் தக்க காரணம் காட்டிக் கட்டணம் செலுத்தி விலக்குப் பெறும் வழி உண்டு. ஆனால் அவன் யாரிடமும் பேசுவதில்லை. துறைத் தலைவரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

ஒற்றை அறை வீட்டில் ஐந்தாறு பேர். படிக்க இடமேது? அருகிலுள்ள கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் மாணவர்கள் அமர்ந்து படிக்க இடவசதி செய்யப்பட்டது. எழும்பூரில் 1896 முதல் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களை எடுத்துச்சென்று படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு.

மூத்த மாணவரின் பகடிவதை நேர்ந்தால் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 1800-180-5522 என்ற எண்ணில் எந்நேரமும் முறையிடலாம். மாணவியரிடம் எவரேனும் முறைகேடாய் நடந்தால் விசாரிப்பதற்கென ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகக் குழு இருக்க வேண்டுமென்பது விதி. 181 என்ற மகளிர் உதவி எண்ணும் உண்டு. மனம் சோர்ந்து, உறக்கம் கெட்டு, உயிரே பாரமாய்த் தோன்றும் பிள்ளைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரைத் தேடுகிறோம். மனத்தின் நோவுக்கு மட்டும் ஏன் வாய்மூட வேண்டும்?

கேட்பது இழிவா?

‘உதவி கேட்டு நிற்பதா? நாலுபேர் என்ன நினைப்பார்கள்?’ என்ற தயக்கம் நம் நடுத்தரக் குடும்பங்களில் மிகுதி. கண்ணியத்தைக் காப்பது நல்ல குணம்தான். ஆனால் மாணவரைத் தாங்குவதை நம் முன்னோர் பிச்சையாகக் கருதியதே இல்லை. 972-இல் முதல் ஜும்ஆ நடைபெற்ற கெய்ரோவின் அல் அஸ்ஹரில், பின்னாளில் தூர தேசத்து மாணவர்களுக்கென ஊர்வாரியாக ‘ரிவாக்’ எனும் விடுதிகள் அமைந்தன. வக்ஃபு வருமானத்திலிருந்து அவர்களுக்கு அன்றாடம் ரொட்டி வழங்கப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கலீஃபா முஸ்தன்ஸிர் பக்தாதில் எழுப்பிய முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் உணவும் உறைவிடமும் மட்டுமல்ல. எழுதக் காகிதம், இரவில் படிக்க விளக்கெண்ணெய், நோயுற்றால் மருத்துவர், குளிக்க ஹம்மாம் வரை ஏற்பாடாகியிருந்தன. எழுநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாடம் மட்டும் போதாது என்று உணர்ந்திருந்தார்கள்! இன்றும் நம் அரபிக் கல்லூரிகளில் ஓதும் பிள்ளைக்கு உணவும் தங்குமிடமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதை எவரும் இழிவென்று சொல்வதில்லையே! பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளை தனக்குரிய தொகையைக் கேட்பது மட்டும் எவ்வாறு இழிவாகும்?

நாம் செய்யக்கூடியது

ஒவ்வொரு மஹல்லாவிலும் மே, ஜூன் மாதங்களில் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசையைப் போட்டு, கல்லூரியில் படிக்கும் இரண்டு இளைஞர்களையும் படித்த ஒரு சகோதரியையும் அமர்த்துங்கள். யாருக்கு எந்தச் சான்று இல்லை, எவர் பெயரில் எங்கே பிழை, எந்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று அவர்கள் எழுதி வைக்கட்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மதத்தைப் பார்க்கவும் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தையும் அதே மேசையில் நிரப்பிக் கொடுங்கள். வியாசர்பாடி போன்ற ஊர்களில் வெள்ளம் வந்தபோது எவர் வீட்டுப் படகு என்று பார்த்தா ஏறினோம்?

தாய்மாரே! முதலாண்டு முடியும்வரை வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வாரம் எத்தனை நாள் கல்லூரிக்குப் போனாய்? உன் துறையில் உன் பெயரறிந்த ஆசிரியர் யார்? வரவேண்டிய உதவித்தொகை வந்ததா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் பிள்ளை பாதையில் இருக்கிறது என்று பொருள். விடை வராவிட்டால், மறுநாளே கல்லூரிக்குச் சென்று துறைத் தலைவரைப் பாருங்கள். பெற்றோர் வருவதை நல்ல ஆசிரியர் எவரும் வெறுப்பதில்லை.

பாதியில் விட்டுவிட்ட பிள்ளையும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் தோன்றியவை. வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கும் வழியை அவை காட்டுகின்றன. இலண்டனை விட்டுத் திரும்பியவர் மூன்றாண்டு கழித்து மீண்டும் சென்று படித்து முடித்தார் அல்லவா?

அடுத்த முறை நீங்கள் செல்லும் இரயில் வியாசர்பாடி ஜீவாவில் நின்றால் இறங்கிப் பாருங்கள். தோளில் பையோடு சுரங்கப்பாதையைக் கடந்து செல்லும் பிள்ளைகளைக் காண்பீர்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளை சேர்ந்த வகுப்பில் கடைசி நாள்வரை அமர்ந்திருக்கச் செய்வது நம் பொறுப்பு. அதற்கு வல்ல நாயன் நமக்குத் துணைபுரிவானாக! ஆமீன்.